மறுபடியும் வீங்கும் கன்னம்

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குக் காதோரம் கன்னம் வீங்கினால் நம் வீடுகளில் யாரும் பெரிதாகப் பதறுவதில்லை. பொன்னுக்கு வீங்கி என்று பாட்டி பார்த்தவுடன் சொல்லிவிடுவார். கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலி ஏறும், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவார்கள், பள்ளிக்கு ஒரு வாரம் விடுப்பு. வாரம் பத்து நாளில் வீக்கம் வடிந்துவிடும்.

மூன்று மாதம் கழித்து அதே கன்னம் மறுபடி வீங்கினால்? ஆண்டு முடிவதற்குள் இன்னும் இரண்டு தடவை வீங்கி வடிந்தால்? “இவளுக்கு அடிக்கடி பொன்னுக்கு வீங்கி வரும்” என்று சொல்லிப் பழகிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அப்படிச் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொன்னுக்கு வீங்கி ஒரு வைரஸ் நோய். ஜான்சன், குட்பாஸ்ச்சர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1934-இல் நோயாளிகளின் உமிழ்நீரிலிருந்து அந்த நோயைக் குரங்குகளுக்குக் கடத்திக்காட்டி இதை நிறுவினார்கள். ஒருமுறை அது வந்துபோனால் உடல் அந்த வைரஸை நினைவில் வைத்துக்கொள்ளும். அதே ஆளுக்கு மறுமுறை வருவது மிக அரிது. மூன்றாவது முறை, நான்காவது முறை என்பதெல்லாம் அனேகமாகப் பொன்னுக்கு வீங்கியே அல்ல.

அப்படியானால் என்ன? சில குழந்தைகளுக்கு வேறு வைரஸ்களால் வீங்கியிருக்கும். இன்னும் சிலருக்கு, வளர வளரத் தானே விலகிப்போகும் ஒரு கோளாறு இருக்கும். மிகச் சிலருக்கு மட்டும், உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கிக்கொண்டிருக்கும். ஷோகிரன் நோய் என்று இதற்குப் பெயர். பெரியவர்களிடம், குறிப்பாக நடுவயதுப் பெண்களிடம், நன்கு அறியப்பட்ட நோய் இது. குழந்தைகளுக்கும் வரும் என்பது பல மருத்துவர்களுக்கே சட்டென்று நினைவுக்கு வராது. வந்தாலும் அதை உறுதிசெய்வதில் ஒரு விநோதமான இடைஞ்சல் உண்டு. நம்மிடம் இருக்கும் அளவுகோல்கள் பெரியவர்களின் உடலைப் பார்த்துச் செய்தவை.

முதலில் வீங்குவது எது என்று பார்ப்போம். நமக்கு மூன்று இணை பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. காதுக்கு முன்னும் கீழுமாகத் தாடைக் கோணத்தின் மேல் படர்ந்திருப்பது கன்னச் சுரப்பி, மருத்துவர்கள் பரோட்டிட் என்பார்கள். தாடைக்கு அடியில் ஓர் இணை, நாக்கின் அடியில் ஓர் இணை. இவை போக உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், அண்ணம் என்று வாய் முழுக்க நூற்றுக்கணக்கில் மிகச்சிறிய சுரப்பிகள் பதிந்துள்ளன. எல்லாம் சேர்ந்து ஒரு வளர்ந்த ஆளுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கின்றன. கன்னச் சுரப்பி வீங்கினால் காதுமடலின் கீழ்நுனி வெளிப்பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, சுரப்பி வீங்கியிருக்கிறதா என்று பிரித்தறிய மருத்துவர் பார்க்கும் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

உமிழ்நீர் என்பது வெறும் தண்ணீர் அல்ல. சுரப்பியின் கடைக்கோடியில் இருக்கும் செல்கள் நரம்பின் கட்டளை கிடைத்ததும் உப்பை ஒரு பக்கமாகத் தள்ளுகின்றன. உப்பு போன வழியே தண்ணீர் போகிறது. வெளியேறும் நாளத்தில் உப்பு பெரும்பாலும் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடுவதால் வாய்க்கு வந்துசேரும் நீர் உப்புக்கரிப்பதில்லை. பல்லைக் கரைக்கும் அமிலத்தை மட்டுப்படுத்தும் பைகார்பனேட், பல்லின் எனாமலைச் செப்பனிடும் கால்சியமும் பாஸ்பேட்டும், கிருமிகளோடு மோதும் புரதங்கள், மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதி எல்லாம் அதில் இருக்கின்றன. இந்தப் பட்டியல் பின்னால் உதவும்.

திரும்பத் திரும்ப வீங்கும் கன்னத்துக்கு மிகப் பொதுவான காரணம் ‘இளம்பருவ மீள்வீக்கம்’ என்று நாம் அழைக்கத்தக்க ஒரு கோளாறு. குழந்தைகளின் உமிழ்நீர்ச் சுரப்பி நோய்களில் பொன்னுக்கு வீங்கிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் தொடங்கும், ஆண் பிள்ளைகளிடம் சற்று அதிகம், பெரும்பாலும் ஒரே பக்கம், வலியோடும் சில சமயம் காய்ச்சலோடும் வரும். கன்னத்தை மெல்ல அழுத்திவிட்டால், மேல்வரிசைக் கடைவாய்ப்பல்லுக்கு நேராகக் கன்னத்தின் உட்பக்கம் திறக்கும் நாளத்திலிருந்து தெளிந்த நீருக்குப் பதிலாகத் துணுக்குத் துணுக்காகச் சளி போன்ற பொருள் வரும். பூப்பெய்தும் பருவத்தில் பெரும்பாலோருக்குத் தானாக நின்றுவிடும்.

நிறையப் பேருக்கு இதுதான் விடை, நல்ல விடையும்கூட. ஆனால் வீக்கம் முதன்முதலாக ஒன்பது, பத்து, பன்னிரண்டு வயதில் தொடங்கினால், அதுவும் பெண் குழந்தையாக இருந்தால், வலி குறைவாக, காய்ச்சல் இல்லாமல், இரு பக்கமும் மாறி மாறி வந்தால், இந்த விடையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

உடல் தன்னையே தாக்கும் என்ற எண்ணத்தை மருத்துவ உலகம் நெடுநாள் ஏற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிவியலர் பால் எர்லிக், உடல் தன் சொந்தத் திசுவுக்கு எதிராகத் திரும்பாமல் தடுக்கும் ஏற்பாடு ஏதோ இருக்க வேண்டும் என்றார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதை ‘அப்படி நடக்கவே நடக்காது’ என்று புரிந்துகொண்டார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தவை அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடந்த முயல் சோதனைகள். நோயல் ரோஸும் எர்னஸ்ட் விட்டெப்ஸ்கியும் முயலின் தைராய்டுச் சாற்றை முயலுக்கே ஊசியாகப் போட்டார்கள். 1956-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: முயல்களின் உடல் தன் தைராய்டுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களை உண்டாக்கியது, சுரப்பிக்குள் வெள்ளணுக்கள் புகுந்து அதைச் சிதைத்தன.

எர்லிக் ஊகித்த அந்தத் தடுப்பு ஏற்பாடும் உண்மையிலேயே இருக்கிறது. மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில், சொந்தத் திசுவைத் தாக்கக்கூடிய டி செல்களில் பெரும்பகுதி அழிக்கப்படுகின்றன. தப்பி வெளியே வருபவற்றை ‘ஒழுங்காற்றும் டி செல்கள்’ என்ற தனி வகை அடக்கிவைக்கிறது. இந்த வகையைக் கண்டறிந்து விளக்கியதற்காகத்தான் ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பிறந்து மூன்றே நாளான எலிக்குட்டியின் தைமஸை எடுத்துவிட்டால் வளர்ந்தபின் அது தன்னையே தாக்கும் நோய்களுக்கு ஆளாகிறது என்ற பழைய கவனிப்பே சகாகுச்சிக்குத் தொடக்கப்புள்ளி. குறிப்பிட்ட ஓர் எலியினத்தில் இதையே செய்தபோது உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குள் வெள்ளணுக்கள் குவிந்தன. ஷோகிரன் நோயை ஆராயப் பயன்படும் எலிகளில் அவையும் ஒரு வகை.

மனிதரில் இந்தத் தடுப்பு எதனால் பிசகுகிறது? மரபணுச் சாய்வு, ஏதோ ஒரு வைரஸ் தொற்றின் தூண்டல், பெண் உடலின் இயல்புகள் என்று பல இழைகள் இதில் பின்னியிருக்கின்றன. விளைவு மட்டும் தெளிவு. சுரப்பியின் நாளங்களைச் சுற்றி லிம்ஃபோசைட் எனும் வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாக வந்து தங்குகின்றன. அவற்றில் பி செல்கள் அங்கேயே இருந்துகொண்டு எதிர்ப்பொருள்களை உற்பத்தி செய்கின்றன. அந்த எதிர்ப்பொருள்களில் முக்கியமானதன் பெயர் ஆன்ட்டி-ரோ. ரோ என்பது நம் எல்லோருடைய செல்களுக்குள்ளும் இருக்கும் ஒரு புரதம். கோணலாகிப்போன ஆர்.என்.ஏ.க்களைக் கையாளுவது அதன் வேலைகளில் ஒன்று. செல்லுக்குள் சாதுவாக வேலை பார்க்கும் இந்தப் புரதத்தை ஏன் எதிரியாகப் பார்க்க வேண்டும் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கும் கேள்வி.

நோயின் பெயருக்குரியவர் ஹென்ரிக் ஷோகிரன், ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர். கண்ணும் வாயும் வறண்டுபோன 19 பெண்களைப் பற்றி 1933-இல் ஸ்டாக்ஹோமில் ஆய்வேடு எழுதினார். அவர்களில் பலருக்கு மூட்டுவலியும் இருந்தது. கண், வாய், மூட்டு மூன்றும் ஒரே நோயின் முகங்கள் என்று சொன்ன முக்கியமான ஆய்வு அது. ஆனால் பல்கலைக்கழகப் பதவிக்குப் போதுமான தரம் அதற்கு வழங்கப்படவில்லை, அவர் வேறொரு நகரத்து மருத்துவமனையில் கண் மருத்துவராகப் பணிபுரியப் போய்விட்டார்.

அவருக்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே இன்னொரு கதவும் திறந்திருந்தது. அறுவை மருத்துவர் யோஹான் மிக்குலிச், கண்ணீர்ச் சுரப்பிகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் வலியின்றி வீங்கிய ஒரு விவசாயியைப் பற்றி 1892-இல் எழுதினார். ஷோகிரன் வறட்சியைப் பார்த்தார், மிக்குலிச் வீக்கத்தைப் பார்த்தார். 1953-இல் மார்கன், காசல்மன் என்ற இருவர் நுண்ணோக்கியில் திசுக்களை ஒப்பிட்டு இரண்டும் ஒன்றே என்றார்கள். பிற்பாடு ஜப்பானிய ஆய்வுகள், மிக்குலிச் வகையில் ஒரு பகுதி முற்றிலும் வேறு நோய் என்று காட்டின. ஆனால் நோயை வரையறுக்கும் பொறுப்பு வந்தபோது வறட்சியே மையத்துக்கு வந்தது, வீக்கம் ஓரத்துக்குப் போனது. பெரியவர்களைப் பொறுத்தவரை இதில் பெரிய பிழையில்லை. குழந்தைகளுக்குத்தான் இது பொருந்தவில்லை.

குழந்தை ஏன் வறட்சியைச் சொல்வதில்லை? முதல் காரணம் எளியது. சுரப்பிகளுக்குக் கையிருப்பு அதிகம். கணிசமான பகுதி சிதைந்த பின்புதான் சுரப்பு குறைவது தெரியவரும், அதற்கு ஆண்டுகள் ஆகும். குழந்தையிடம் நாம் பார்ப்பது நோயின் தொடக்க அத்தியாயம். அழற்சி இருக்கிறது, வீக்கம் இருக்கிறது, அழிவு இன்னும் வரவில்லை.

இது வெறும் ஊகம் அல்ல என்பதற்கு ஸ்வீடனிலிருந்தே ஒரு சான்று உண்டு. மால்மோ நகரில் ஷோகிரன் நோய் உறுதியான நோயாளிகளின் பெயர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் நலமாக இருந்த காலத்தில் வேறு ஏதோ காரணத்துக்காகக் கொடுத்து உயிர்ப்பொருள் வங்கிகளில் உறைந்திருந்த ரத்த மாதிரிகளைத் தேடி எடுத்துச் சோதித்தார்கள். நோய் கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எதிர்ப்பொருள்கள் அவற்றில் இருந்தன, சிலரிடம் 18 ஆண்டுகளுக்கு முன்பே. நாற்பது வயதில் வாய் வறண்டு வரும் ஒருவரின் நோய் இருபதுகளிலேயே அரும்பியிருக்கலாம் என்றால், பத்து வயதில் அரும்பும் நோயை அதன் அரும்பு நிலையில் வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

இரண்டாவது காரணம், எது இயல்பு என்று குழந்தைக்குத் தெரியாது. நாக்கு ஒட்டிக்கொள்வது எல்லோருக்கும் இருப்பதுதான் என்று அது நினைத்துக்கொள்ளும். அதனால் ‘வாய் வறளுதா?’ என்று கேட்பதைவிடச் செயல்களைக் கேட்பது பயன் தரும். இரவில் எழுந்து தண்ணீர் குடிக்கிறாளா? தண்ணீர் இல்லாமல் பிஸ்கட்டோ பொரியோ தின்ன முடிகிறதா? அழும்போது கண்ணீர் வருகிறதா? கண்ணை அடிக்கடி கசக்குகிறாளா?

பல் மருத்துவர்தான் சில சமயம் முதலில் மோப்பம் பிடிப்பவர். சாதாரணச் சொத்தை, மெல்லும் பரப்பின் பள்ளங்களிலும் இரண்டு பற்களுக்கு இடையிலும் விழும். கீழ்வரிசை முன்பற்கள் உமிழ்நீரில் எந்நேரமும் நனைந்திருப்பதால் அங்கே சொத்தை அபூர்வம். ஒழுங்காகப் பல் துலக்கும் ஒரு சிறுமிக்கு ஈறோரமாகவும் கீழ் முன்பற்களிலும் சொத்தை வரிசையாக வந்தால், மிட்டாயைத் திட்டுவதற்கு முன் உமிழ்நீரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வாய்க்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்லாத தடயங்களும் உண்டு. காரணம் தெரியாத சோர்வு, மூட்டுவலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், கால்களில் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள். அரிதாகச் சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்றத் தவறி, ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்து, ஒரு நாள் காலையில் கைகால் அசைக்க முடியாமல் குழந்தை கிடக்கலாம். கன்னமே வீங்காமல் இந்த வாசல் வழியாக வரும் ஷோகிரன் நோயாளிகளும் இருக்கிறார்கள்.

இனி பரிசோதனைகள். முதலில் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே ஒரு துப்பு கிடைக்கும். இ.எஸ்.ஆர். என்று எல்லா ஆய்வகங்களிலும் செய்வார்கள். ஒரு குழாயில் ரத்தத்தை நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு ஆழம் இறங்குகின்றன என்று பார்ப்பது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் புரதங்கள் மிகுந்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கடுக்காகி வேகமாக இறங்கும். சி.ஆர்.பி. என்ற இன்னொரு சோதனை கிருமித் தொற்றில் ஏறும். இ.எஸ்.ஆர். எகிறியும் சி.ஆர்.பி. ஏறாமலும் இருந்தால், கிருமியைவிட எதிர்ப்பொருள் பெருக்கம்தான் காரணமோ என்று ஐயம் வர வேண்டும். அமைலேஸ் அளவும் உயர்ந்திருக்கலாம். அதைக் கணையக் கோளாறு என்று எண்ணிக் குழந்தையின் வயிற்றை ஸ்கேன் செய்துகொண்டிருப்பதும் நடக்கிறது. கன்னச் சுரப்பியும் அமைலேஸ் தயாரிக்கும் இடம்தான்.

அடுத்து எதிர்ப்பொருள் சோதனைகள். ஏ.என்.ஏ. என்பது ஒரு பொதுவான வலைவீச்சு. நலமான குழந்தைகளில் கணிசமானோருக்கும் அது குறைந்த அளவில் இருக்கும் என்பதால், அதை மட்டும் வைத்து ஒரு குழந்தைக்கு நோய்ப்பெயர் சூட்டக் கூடாது. ஆன்ட்டி-ரோ, ஆன்ட்டி-லா, முடக்குவாதக் காரணி மூன்றும் சேர்த்துப் பார்க்கப்படும். இவற்றில் ஆன்ட்டி-ரோவுக்குத்தான் எடை அதிகம்.

கூடவே வேறு நோய்களை விலக்க வேண்டும். எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைகளுக்கும் கன்னச் சுரப்பிகள் வலியின்றி நீண்ட நாள் வீங்கியிருக்கும். ஹெபடைடிஸ் சி, காசநோய், சார்காய்டோசிஸ், நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவையும் பட்டியலில் உண்டு. எச்.ஐ.வி. சோதனை என்றதும் பெற்றோர் முகம் மாறுவதை எந்த மருத்துவரும் அறிவார். அது யாரையும் சந்தேகிப்பதற்காகச் செய்வதல்ல. பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடித்துவிட வேறு வழியில்லாததால் செய்வது.

கண்ணீரை அளக்க 1903-இல் ஓட்டோ ஷிர்மர் வகுத்த முறையே இன்றும் வழக்கில் இருக்கிறது. வடிதாள் பட்டை ஒன்றைக் கீழிமையில் செருகி, ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். ஐந்தோ அதற்குக் குறைவோ என்றால் வறட்சி. ஆறு வயதுக் குழந்தையின் கண்ணில் காகிதத்தைச் செருகினால் அது அழும், அழுதால் கண்ணீர் கொட்டும், அளவு நன்றாகவே வந்துவிடும்! உமிழ்நீருக்கு, எதையும் மெல்லாமல் சும்மா உட்கார்ந்து வாயில் ஊறுவதைக் குழாயில் சேர்க்க வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டரோ அதற்குக் குறைவோ என்றால் குறை. குழந்தைக்கு எவ்வளவு இருந்தால் இயல்பு? வயதுக்கேற்ப எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரு வரம்பு கிடையாது.

இப்போது அந்த அளவுகோலுக்கு வருவோம். அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாதவியல் அமைப்புகள் சேர்ந்து 2016-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டன. ஆன்ட்டி-ரோ இருந்தால் 3, உதட்டுத் திசுவில் வெள்ளணுக் குவியல் போதிய அளவு இருந்தால் 3, கண்ணின் மேற்பரப்பில் சாயம் படிந்தால் 1, ஷிர்மர் சோதனை குறைந்தால் 1, உமிழ்நீர் குறைந்தால் 1. கூட்டினால் 4 வர வேண்டும்.

பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளில் ஐந்து முறை கன்னம் வீங்கியிருக்கிறது. ஆன்ட்டி-ரோ தெளிவாக இருக்கிறது. இ.எஸ்.ஆர். உயரத்தில் நிற்கிறது. ஆனால் கண்ணீர் சரியாக வருகிறது, உமிழ்நீரும் ஊறுகிறது. மதிப்பெண் 3. தேர்ச்சி இல்லை! ஐந்து முறை வீங்கிய கன்னத்துக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. கற்பனைக் கணக்குதான், ஆனால் உண்மை நிலவரம் இதற்கு வெகு தொலைவில் இல்லை. பல நாடுகளைச் சேர்ந்த குழந்தை மூட்டுவாத நிபுணர்கள், தங்கள் அனுபவத்தில் ஷோகிரன் நோய் என்று முடிவுசெய்த 300 குழந்தைகளின் பதிவேடுகளைத் திரட்டி 2021-இல் வெளியிட்டபோது, அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான் இந்த மதிப்பெண் முறையில் தேறினார்கள். பலருக்கு எல்லாச் சோதனைகளும் செய்யப்படவே இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இந்த மதிப்பெண் முறை ஆராய்ச்சிக்காக வகுக்கப்பட்டது. ஒரு மருந்தைச் சோதிக்கும்போது ஒரே மாதிரியான நோயாளிகளைச் சேர்க்க அது தேவை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தைக்கு நோய் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அது செய்யப்படவில்லை. இருந்தும் நடைமுறையில் எண் தேறவில்லை என்றால் நோய் இல்லை என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. 1999-லேயே பிராக் நகரத்து மருத்துவர்கள், மீண்டும் மீண்டும் வரும் கன்னச் சுரப்பி வீக்கத்தையும் சேர்த்துக் குழந்தைகளுக்கெனத் தனி வரையறை ஒன்றை முன்மொழிந்தார்கள். அது பரவலான ஏற்பைப் பெறவில்லை. என் பார்வையில் அவர்கள் சரியான இடத்தில்தான் விரல் வைத்தார்கள்.

உதட்டுத் திசு என்றேனே, வீங்குவது கன்னம், வெட்டுவது உதடா என்று கேட்கலாம். கன்னச் சுரப்பிக்குள் முகத்தின் தசைகளை இயக்கும் நரம்பு ஓடுகிறது, அங்கே கத்தி வைப்பது எளிதல்ல. கீழுதட்டின் உட்புறமோ, மரத்துப்போக ஊசி போட்டுச் சிறு கீறல் போட்டால் சின்னச் சுரப்பிகள் நான்கைந்தை எடுத்துவிடலாம். நோய் எல்லா உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் பற்றுவதால், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்குதான். நுண்ணோக்கியில், 50 அல்லது அதற்கு மேற்பட்ட லிம்ஃபோசைட்டுகள் ஓரிடத்தில் கூடியிருந்தால் அது ஒரு குவியம். நான்கு சதுர மில்லிமீட்டர் பரப்புக்கு ஒரு குவியமாவது இருந்தால் பெரியவர்களுக்கான வரம்பைத் தாண்டியதாகப் பொருள்.

சமைப்பவர்களுக்குத் தெரியும், அந்தப் பழமொழி உலை நன்றாகக் கொதித்துச் சோறு சீராக வேகும்போது மட்டும்தான் செல்லும். அடுப்பு இப்போதுதான் மூட்டியது என்றால் அடியில் ஒரு பதம், மேலே ஒரு பதம். குழந்தையின் நோய் அந்த நிலையில்தான் இருக்கிறது. கன்னச் சுரப்பி அழன்று கொண்டிருக்கும்போது உதட்டுச் சுரப்பி ஏறக்குறைய சாதாரணமாகவே காணப்படலாம். மாறாக, வேறு காரணங்களுக்காக எடுக்கப்பட்ட குழந்தைகளின் உதட்டுத் திசுக்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், நலமான குழந்தைகளிடம் இத்தகைய குவியங்கள் மிக அரிது என்று கண்டார்கள். பெரியவர்களுக்கு வயது ஏற ஏற நோயில்லாமலேயே சில வெள்ளணுக்கள் அங்கே சேரும். குழந்தைக்கு அப்படியில்லை. ஆகவே குழந்தையிடம் வரம்புக்குக் கீழே ஒரு சிறு குவியம் தெரிந்தாலும் அதைத் தள்ளிவிடக் கூடாது என்ற கருத்து வலுத்து வருகிறது.

அண்மை ஆண்டுகளில் உதவிக்கு வந்திருப்பது அல்ட்ராசவுண்டு. கர்ப்பிணிகளுக்குச் செய்யும் அதே ஒலியலைச் சோதனை. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, அம்மா மடியில் உட்கார்ந்தபடியே செய்துகொள்ளலாம். நலமான சுரப்பி திரையில் ஒரே சீரான சாம்பல் நிறமாகத் தெரியும். ஷோகிரன் நோயில் அதன் நடுவே கரும்புள்ளிகள் பரவிக் கிடக்கும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. முன்னே சொன்ன இளம்பருவ மீள்வீக்கத்திலும் ஏறக்குறைய இதே கரும்புள்ளிகள் தெரியும். அப்போது வீங்காத சுரப்பிகளையும் பார்க்க வேண்டும். கன்னச் சுரப்பியோடு தாடையடிச் சுரப்பிகளும் இருபுறமும் பாதிக்கப்பட்டிருந்தால் தராசு ஷோகிரன் பக்கம் சாயும். எந்தச் சோதனையும் தனியாக நின்று பதில் சொல்லாத நோய் இது. வயது, பாலினம், வீங்கிய வரலாறு, ரத்தம், படம், திசு எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் குழந்தை மூட்டுவாத நிபுணர்தான் முடிவுக்கு வர முடியும். நம் ஊரில் அந்தத் துறையில் பயிற்சி பெற்றவர்கள் குறைவு, அவர்களும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள்.

கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது, முழுமையாகக் குணப்படுத்தும் மருந்துதான் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. ஹைட்ராக்சிகுளோரோகுவின், தேவையானபோது ஸ்டீராய்டு, கடுமையான நிலையில் பி செல்களைக் குறிவைக்கும் மருந்துகள் என்று கைவசம் இருப்பவை நோயைத் தணிப்பவைதான். ஆனால் அடையாளம் தெரிந்துவிட்டால் ஒவ்வொரு வீக்கத்துக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஃப்ளூரைடு பூசிப் பற்களைக் காக்கலாம். சிறுநீரகத்தையும் ரத்த அணுக்களையும் கண்காணிக்கலாம். ஷோகிரன் நோயாளிகளுக்கு ஆயுள் நெடுகில் நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். குழந்தைப் பருவத்தில் அது மிக அரிதுதான் என்றாலும், வடியாமல் கெட்டியாக நின்றுவிடும் ஒரு வீக்கத்தை அலட்சியப்படுத்தாமல் இருக்க அந்த அறிவு வேண்டும்.

பெண் குழந்தைகளைப் பொறுத்து இன்னொன்றும் உண்டு. ஆன்ட்டி-ரோ எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குள் செல்லக்கூடியது. அதை உடைய தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் சுமார் நூற்றில் இரண்டு பேருக்கு இதயத் துடிப்பின் மின்கடத்தலில் தடை ஏற்படுகிறது. அந்தத் தாய்மார்களில் பலர் அதுவரை தங்களுக்கு எந்த நோயும் இல்லை என்றே நினைத்திருப்பார்கள். பத்து வயதில் தெரிந்துகொண்ட ஒரு ரத்த முடிவு, இருபத்தைந்து வயதில் கருவுறும்போது மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தியாகிறது. கர்ப்ப காலத்தில் சிசுவின் இதயத் துடிப்பைக் கூர்ந்து கவனிக்கவும், தேவையானால் மருந்து தொடங்கவும் அது வழிவிடும்.

பெற்றோருக்குச் சொல்ல இருப்பது இதுதான். உங்கள் பிள்ளைக்குக் கன்னம் இரண்டாவது முறை வீங்கினால், கைப்பேசியில் முன்னிருந்தும் இருபக்கவாட்டிலும் ஒவ்வொரு படம் எடுத்து வையுங்கள். நிபுணரிடம் தேதி கிடைத்துப் போய்ச் சேரும்போது பெரும்பாலும் வீக்கம் வடிந்திருக்கும், படம் மட்டும்தான் சாட்சி. எந்தத் தேதி, எந்தப் பக்கம், காய்ச்சல் இருந்ததா, எத்தனை நாளில் வடிந்தது என்று நான்கு வரி எழுதி வையுங்கள். மூன்றாவது முறையும் வீங்கினால், ‘இது வேறு ஏதாவதாக இருக்குமா, ஆன்ட்டி-ரோ பார்க்கலாமா, சுரப்பிகளை ஸ்கேன் செய்யலாமா’ என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.